முறையும் நிறைவும்



சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் உவர்நீர்ப் பரப்பு பழவேற்காடு ஏரி. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் தம் கோட்டையைக் கட்டியது இதன் கரையில்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் நாள்களில், இதன் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்று இரை தேடும்.

இக்கரை வாழ் மீனவர் தொழில், கொல்லாமை என்னும் முதல் நோன்புக்கு மாறானது. அதை மறைத்துப் பேசுதல் அறமன்று. எனினும் அவர்களிடையே வழங்கும் 'பாடு' என்னும் ஏற்பாடு, ஐந்தாம் நோன்பாகிய மிகுபொருள் விரும்பாமையை நினைவூட்டுகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊரார், வளமிக்க நீர்ப்பகுதிகளைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்கின்றனர். முறையுடையார் வலையிடுவர். முறையில்லார், கண்ணெதிரே வளம் திரண்டிருப்பினும், அப்பகுதியில் வலையிடார். இவ்வேற்பாட்டிற்குப் புறத்தே நிறுத்தப்பட்டோரின் குறையும் உண்டு. ஆதலின் அது நிறைவான நீதி அன்று. ஆயினும் 'இன்று நம் முறையன்று' என வீட்டில் அமைந்திருந்து வலையைச் செப்பனிடும் மனம் எண்ணத்தக்கது.

மீனவர்க்கு எல்லையை ஊர் வகுக்கிறது. சமண இல்லறத்தாரோ அதனைத் தாமே வகுத்துக்கொள்ளும் பேறு பெற்றவர். நிலம், பொன், ஆடை, கலம் ஆகியவற்றுள் இவ்வளவே போதும் என வரையறுத்தல் அவர்தம் அணுவிரதம். பிறர் விதித்த எல்லை சுமையாகலாம். தானே ஏற்ற எல்லை நிறைவு தரும்.

அதற்கு ஏற்ற பருவம் பனிக்காலமே. மார்கழியில் மாலை ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறான். இரவுண்ணாமை காக்கும் இல்லத்தில் அதற்குள் அடுப்பு அவிந்துவிடும். பின்னர் நீள்வது நெடிய இரவு. அவ்விரவைக் கடைக்கணக்கும் கைப்பேசியும் கவர்ந்துகொண்டால், உடல் இல்லத்திலிருந்தும் உள்ளம் சந்தையில் அலையும். குடும்பத்தார் ஒருங்கமர்ந்து அறநூல் ஓதினால், சிறு வீடும் போதிய வீடாகும்.

பெட்டியைத் திறந்து, மிகுந்த போர்வைகளை எண்ணுவதும் அவ்விரவுகளில் செய்யத்தக்க பணியே. ஒருவர் தமக்கு வகுத்த எல்லையைக் கடந்து கிடக்கும் போர்வை, குளிரில் நடுங்கும் மற்றொருவரின் முறை. அதை அவரிடம் சேர்த்தபின் வரும் உறக்கமே பனிக்காலத்தின் இனிய வெம்மை.

அறம் வளர்க!