மாட்டுக்கு எது? மண்ணுக்கு எது?



குஜராத் மாநிலத்தில் சௌராஷ்டிரம் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே நிலக்கடலை நிறைய விளைகிறது. ராஜ்கோட், ஜுனாகட் பக்கம் எண்ணெய் ஆலைகள் பல இருக்கின்றன. அதே மாநிலத்தின் வடக்கே, மெஹ்சானா, பனாஸ்காண்டா மாவட்டங்களில் ஆமணக்கு விளைகிறது. உலகிலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில்தான். அதிலும் குஜராத்தில்தான்.

எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவது பிண்ணாக்கு. குஜராத்தியில் அதைக் 'கோள்' என்பார்கள். 100 கிலோ கடலைப் பருப்பை ஆட்டினால், எண்ணெய் 50 கிலோகூட வராது. மிச்சம் பிண்ணாக்குதான். அது வெறும் சக்கை அல்ல. 100 கிலோ கடலைப் பிண்ணாக்கில் ஏறக்குறைய 40 கிலோ புரதம் இருக்கிறது. கறவை மாட்டுக்கு நல்ல தீவனம். கடலைத் தோலும் வீணாவதில்லை. அதை அழுத்திக் கட்டிகளாக்கி ஆலைகளில் எரிக்கிறார்கள்.

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மாட்டுக்கு ஆகும். இளங்கன்றுக்கு ஆகாது.

ஆமணக்குப் பிண்ணாக்கு வேறு சங்கதி. அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தின்ற மாடு செத்துப்போகலாம். "விளக்கெண்ணெயைக் குடிக்கிறோமே, பிண்ணாக்கு மட்டும் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த நஞ்சு எண்ணெயில் கரையாது. பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

ஆனால் மண்ணுக்கு அது நல்ல உரம். தழைச்சத்து மிகுந்தது. விதைப்பதற்கு முன் போட்டு உழுதுவிட வேண்டும். மேலாக இறைத்துவிட்டால் நாய் தின்று சாகும். தூளாக்கிவிட்டால் எந்தப் பிண்ணாக்கு எது என்று சொல்வது கடினம். ஆகவே மூட்டைமேல் பெயரை எழுதுங்கள். இப்போதுதான் எழுத வருமே! இரண்டையும் ஒரே அறையில் அடுக்காதீர்கள்.

கடலைப் பிண்ணாக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகளுக்குமேல் செத்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு அவற்றின் தீவனத்தில் கலந்திருந்தது. அதில் பூசணம் பிடித்திருந்தது. அந்தப் பூசணத்தின் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் போகாது. மாடு தின்றால் பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது யார்? வீட்டுப் பிள்ளைகள்தான்.

பூசணத்தைத் தட்டிவிட்டு மாட்டுக்குப் போடுவது பலர் வழக்கம். அது தவறு. நஞ்சு உள்ளேயே இருக்கும். ஈரம் படாமல் காப்பதே வழி. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.