மார்கழிப் பனியில் வண்டி ஓட்டுவது

(நம் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பனிக்காலத்தில் வண்டி ஓட்டுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பியிருப்பவர்களுக்குப் பனி என்றதும் சாலையில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது நினைவுக்கு வரும். அங்கே கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குப் பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் ஊரில் பனி குவியாது, கண்ணை மறைக்கும். அதற்குத் தனி டயர் கிடையாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. எவ்வளவு குறைப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில், நம் பக்கம் பனி ஏன் இப்படி இறங்குகிறது? நமக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஆழம் குறைந்த பெரிய உப்பங்கழி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஏரியும் வயலும் பள்ளமும் ஈரமாக நிற்கும். மார்கழி, தை இரவுகளில் வானம் தெளிந்து காற்றும் அடங்கினால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய ஈரக் காற்று பொடித் துளியாக மாறி அப்படியே நிற்கும். விடியற்காலையில்தான் அடர்த்தி அதிகம். வெயில் ஏறினால் கலைந்துவிடும். சாலை முழுக்க ஒரே மாதிரியும் இருக்காது. நம் வாசலில் தெளிவாக இருக்கும், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பள்ளமான இடத்தில் திடீரென்று எதுவும் தெரியாது.

ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தாலே வானிலைத் துறை அதை மூடுபனி என்கிறது. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த பனி, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்த பனி.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன், கணக்கு இல்லாமல் பேச வராது.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்டு, புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை நொடி ஆகும் என்று வைத்துத்தான் இந்திய சாலைக் காங்கிரஸ் சாலைகளுக்கு அளவு வகுத்திருக்கிறது. அதாவது பிரேக் பிடிக்கும் முன்பே 42 மீட்டர் போயிருப்போம். வண்டி முழுதாக நிற்க அவர்கள் தரும் தூரம் இது: 20 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர், 40-இல் 45 மீட்டர், 60-இல் 80 மீட்டர், 80-இல் 120 மீட்டர், 100-இல் 180 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேலே போவதைக் கவனியுங்கள்.

கண்ணுக்குத் தெரிகிற தூரம் நம் கையிருப்பு. வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் செலவு. பனி வந்தால் இருப்பு குறைகிறது. செலவைக் குறைக்க மாட்டேன் என்றால் கணக்கு உதைக்கும்.

பனியில் 45 மீட்டரை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். கிரிக்கெட் பிட்சை மனதில் வையுங்கள். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20 மீட்டர். ஆறு பிட்ச் தூரம் தெரிந்தால் 80-க்கு மேல் வேண்டாம். நான்கு தெரிந்தால் 60. இரண்டுதான் தெரிகிறது என்றால் 40-க்கும் கீழே. ஒன்றுதான் தெரிகிறது என்றால் பெட்ரோல் பங்க்கிலோ ஓட்டல் வாசலிலோ வண்டியை ஒதுக்கிவிட்டு ஒரு டீ சாப்பிடுங்கள். வேகத்தை ஸ்பீடோமீட்டரில் பாருங்கள். பனியில் ஓரத்து மரமும் கம்பமும் சரியாகத் தெரியாததால் மெதுவாகப் போவது போலவே தோன்றும்.

அடுத்தது விளக்கு. ஹை பீம் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். லோ பீம்தான் சரி, ஃபாக் லேம்ப் இருந்தால் அதையும் போடுங்கள். புதுக் கார்களில் பகலில் தானாக எரியும் முன்விளக்கை நம்பாதீர்கள். பல கார்களில் அது எரியும்போது பின்விளக்கு எரியாது. சுவிட்சைத் திருப்பி ஹெட்லைட்டே போட வேண்டும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நிற்கும் வண்டிக்கு உரியது.

கண்ணாடி விஷயத்திலும் குழப்பம் உண்டு. உள்பக்கம் மங்கினால் ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வர விடுங்கள். வெளிப்பக்கம் மங்கினால் ஏசி அதிகம் குளிர்கிறது என்று பொருள். குளிரைக் குறைத்து வைப்பர் போடுங்கள்.

முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவது பலருக்கும் தைரியம் தருகிறது. அந்த லாரி எதன் மீதாவது மோதி நின்றால் நமக்கு நிற்க இடமில்லை.

நம் வாசலில் ஓடுவது சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16. கன்டெய்னர் லாரிகளும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களும் இதில்தான் போகின்றன. பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிதான் பனியில் பெரிய எமன். ஆகவே இடது ஓரத்தை ஒட்டி வேகமாகப் போகாதீர்கள். அதே நேரத்தில் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மீன் பெட்டி கட்டிய டூவீலர்கள் வரும். கூடையோடு பெண்கள் சாலையைக் கடப்பார்கள். நமக்காவது சுற்றிலும் இரும்பும் எதிரே விளக்கும் இருக்கின்றன. தலையில் கூடையோடு கடக்கும் அந்த அம்மாவுக்கு எதுவும் இல்லை. அவர் வீடு போய்ச் சேர்வது நம் வலது காலில் இருக்கிறது.

வண்டி பழுதானால் சாலையை விட்டு முழுதாக இறக்குங்கள். முடியாவிட்டால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். உள்ளே உட்கார வேண்டாம். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, காலை ஷிஃப்டுக்குப் போகிறவரை அரை மணி முன்னதாக அனுப்புங்கள். அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது "எங்கே இருக்கிறாய்?" என்று போன் போடாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் அவரே கூப்பிடட்டும். இரண்டு, டூவீலரில் போகிற பிள்ளைகளின் ஹெல்மெட்டிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மூன்று, போகியன்று டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டன. அத்தனை கருவிகள் வைத்திருக்கும் விமானமே இறங்கத் தயங்கிய காலையில், வெறும் கண்ணை நம்பி ஸ்கூட்டரில் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

பொங்கலுக்கு எல்லோரும் முழுதாக வீட்டில் இருக்க வேண்டும். தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, வந்து சேருங்கள்.