ரோட்டரியிடம் எதைக் கேட்பது?



ரோட்டரி சங்கத்துக்காரங்க ஊருக்கு வந்தா, "பெரிய பணக்காரங்க, கேட்டா குடுப்பாங்க" என்று பேசிக்கொள்கிறோம். அந்தப் பணமும் நம்ம சந்தா மாதிரி சிறுகச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் 1917-ல் ஆர்ச் கிளம்ப் என்பவர் யோசனை சொல்ல, முதலில் வந்தது வெறும் 26 டாலர் 50 சென்ட்! அதுதான் இன்றைய ரோட்டரி அறக்கட்டளை. நம்ம பிள்ளைகளின் போலியோ சொட்டு மருந்துக்கும் அதிலிருந்து பணம் போனது.

உறுப்பினர்கள் கொடுக்கும் ஆண்டு நிதியை மூன்று வருஷம் முதலீட்டில் வைத்து, பிறகு ஒரு பகுதியை அவங்க மாவட்டத்துக்கே திருப்பி விடுகிறார்கள். (இது கலெக்டர் மாவட்டம் இல்லை.) சின்ன வேலைக்கு மாவட்ட மானியம். பெரிய வேலைக்கு உலக மானியம். திட்டம் 30,000 டாலருக்குக் குறையக் கூடாது, வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் சேர வேண்டும். ஊரின் தேவையை ஊர்க்காரங்களிடமே முதலில் கேட்டறியணும் என்பதும் விதி.

அங்கேதான் நாம வாய் திறக்கணும். பள்ளியில் பொம்பளப் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேணும்னா, தண்ணி எங்கிருந்து, கழுவுறது யாரு என்பதையும் தீர்மானத்தில் எழுதணும். கட்டி ஆறே மாசத்தில் பூட்டிக் கிடக்கிற கழிப்பறையை நாம் பார்க்காததா? பணம் நம்ம குழுக் கணக்குக்கு வராது, சங்கத்தின் கணக்கில்தான் இருக்கும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டோடு வாங்க.