ஏணியின் முதல் படி எங்கே இருக்கிறது?

(தொழிற்சங்கப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)

"வேலையை நன்றாகக் கற்றுக்கொள், தானாக மேலே வருவாய்" என்று நம் எல்லோருக்கும் சொல்கிறார்கள். மில்லில் புதிதாகச் சேரும் பையனுக்கு மேஸ்திரி சொல்கிறார். கம்ப்யூட்டர் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு வாத்தியார் சொல்கிறார். சர்க்கார் உத்தியோகமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அங்கே எல்லாம் சட்டப்படி, கிரேடுப்படி நடக்கும் என்கிறார்கள்.

இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை? அதைச் சோதித்துப் பார்க்க, கம்ப்யூட்டரை முதன்முதலில் வேலையில் இறக்கிய சர்க்கார்களில் ஒன்றான பிரிட்டிஷ் சர்க்காரின் கதையை எடுத்துக்கொள்வோம். அங்கே கம்ப்யூட்டர் ஊழியர்களின் உத்தியோக உயர்வுக்குத் திட்டம் போட்டார்கள். யார் போட்டார்கள், யாருக்காகப் போட்டார்கள் என்பதே இன்றைய விஷயம்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஹிட்லர் படையின் ரகசியச் செய்திகளை உடைக்க 'கொலோசஸ்' என்ற மின்னணு யந்திரத்தைப் பிரிட்டனில் கட்டினார்கள். தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் டாமி ஃபிளவர்ஸ் என்ற பொறியாளரும் அவரது குழுவினரும் அதைக் கட்டினார்கள். யுத்தம் முடிவதற்குள் இப்படிப் பத்து யந்திரங்கள் ஓடின. இரவு பகலாக ஷிப்டு முறையில் அவற்றை ஓட்டியவர்கள் கடற்படைப் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். யுத்தம் முடிந்ததும் இந்த வேலை முழுவதையும் அரசாங்க ரகசியமென்று மூடிவிட்டார்கள். 1970-களில்தான் உலகத்துக்கு விவரம் தெரிந்தது. அதுவரை அந்தப் பெண்கள் "இந்த வேலை எனக்குத் தெரியும்" என்று வாய் திறந்து சொல்லக்கூட முடியவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு சர்க்கார் இலாகாக்களில் வரிக் கணக்கும், இன்ஷூரன்ஸ் கணக்கும், சம்பளக் கணக்கும் மலைபோலப் பெருகின. துளை போட்ட அட்டைகளை யந்திரத்தில் ஓட்டி அந்தக் கணக்குகளைப் போட்டார்கள். இதற்கு 'யந்திர கிரேடு' என்று தனியாக ஒரு வகுப்பு உண்டு. அதில் இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். அட்டை யந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் அதை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் இவர்களே. கட்டளை எழுதியவர்களும், தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர்களும் இவர்களில் இருந்தார்கள். "யந்திரம் ஓட்டுவது மூளையில்லாத வேலை" என்று மேலதிகாரிகள் தீர்மானித்திருந்தார்கள். ஆகவே சம்பளம் குறைவு. உயர்வு என்றால் அதே கூடத்தில் மேற்பார்வைக்காரி ஆகலாம். அதற்கு மேல் வழி இல்லை என்றே சொல்லலாம்.

சம சம்பளத்துக்காகப் பெண் ஊழியர்கள் நெடுங்காலம் போராடினார்கள். 1936-ம் ஆண்டில் எல்லன் வில்கின்சன் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் பார்லிமெண்டில் தீர்மானம் கொண்டுவந்தார். எட்டு ஓட்டு வித்தியாசத்தில் அது ஜெயித்தும்விட்டது! பிரதமர் பால்ட்வின் என்ன செய்தார் தெரியுமா? அதை நம்பிக்கை ஓட்டாக மாற்றி, தம் கட்சிக்காரர்களை மிரட்டி, ஜெயித்த தீர்மானத்தைத் தோற்கடித்தார். ஆனாலும் போராட்டம் ஓயவில்லை. 1954 மார்ச் மாதத்தில் பார்பரா காசில் முதலிய பெண் உறுப்பினர்கள், குதிரை வண்டியில் ஏறி, ஆயிரமாயிரம் கையெழுத்துக்கள் கொண்ட மகஜரைப் பார்லிமெண்டுக்குக் கொண்டுபோனார்கள். முடிவில் சர்க்கார் இறங்கி வந்தது. 1955-ல் தொடங்கி 1961-க்குள் படிப்படியாகச் சம சம்பளம் தருவதாக ஒப்புக்கொண்டது.

தோழர்களே, சூழ்ச்சி எங்கே நுழைந்தது என்பதைக் கவனியுங்கள். "ஒரே கிரேடில் ஆணும் பெண்ணும் இருந்தால் பெண்ணுக்கு ஆணின் சம்பளம்" என்பது உடன்பாடு. யந்திர கிரேடில் ஆண்களே இல்லையே! ஒப்பிடுவதற்கு ஆள் இல்லை. ஆகவே உயர்வும் இல்லை. அந்தக் கிரேடையே உடன்பாட்டிலிருந்து விலக்கி வைத்தார்கள். முதலில் பெண்களை மட்டும் ஒரு கூடத்தில் அடைத்தார்கள். பிறகு, அங்கே பெண்கள் மட்டும்தானே இருக்கிறார்கள் என்று சொல்லிச் சம்பளத்தை மறுத்தார்கள். நடவு வேலையைப் பெண்கள் வேலை என்று ஒதுக்கிவிட்டு, அது பெண்கள் வேலை என்பதாலேயே கூலியைக் குறைப்பது நமக்குப் புதிதா என்ன?

இதற்குள் இன்னொன்று நடந்தது. ஓர் இலாகாவின் நாடி நரம்பு முழுவதும் கம்ப்யூட்டருக்குள் போய்விடும் என்பது நிதி இலாகாவுக்குப் புரிந்தது. புரிந்தவுடன் அதே வேலை "பொறுப்பான வேலை" ஆகிவிட்டது! இதை யந்திர கிரேடுப் பெண்களிடம் விடலாமா? விடக்கூடாதென்று முடிவு செய்தார்கள். மேல் வகுப்பான எக்ஸிகியூடிவ் பிரிவிலிருந்து, நிர்வாகத்துக்குத் தகுந்தவர்கள் என்று தோன்றிய வாலிபர்களைப் பொறுக்கியெடுத்தார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் பாதகமில்லை, கற்றுக்கொடுக்கலாம் என்றார்கள். கற்றுக்கொடுத்தது யார்? அந்தப் பெண்களே!

மார் ஹிக்ஸ் என்ற சரித்திர ஆசிரியர் பழைய அரசாங்கக் கோப்புகளை ஆராய்ந்து, 2017-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1959-ம் ஆண்டில் நடந்த ஒரு விஷயத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். சர்க்காரின் முக்கியக் கம்ப்யூட்டர் நிலையத்தில் ஒரு பெண் ஊழியர் ஒரு வருஷ காலம் எல்லா வேலையும் தாமே பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் வந்த இரண்டு ஆண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். வருஷ முடிவில் அந்த இருவரும் நிர்வாகப் பதவிக்குப் போனார்கள். அவரோ, அவர்களுக்குக் கீழே உதவியாளராக இறக்கப்பட்டார்.

வேலை தெரிந்தால் உயரலாம் என்றார்களே, இந்தப் பெண்ணைவிட வேலை தெரிந்தவர் அங்கே யார்?

இந்தத் திட்டத்தால் சர்க்காருக்காவது லாபம் உண்டா? அதுவும் இல்லை. பொறுக்கியெடுத்த வாலிபர்களில் பலர் கம்ப்யூட்டர் கூடத்தை வழியில் வரும் சத்திரமாகவே எண்ணினார்கள். பயிற்சி பெற்றுச் சில காலத்தில் வேறு பதவிக்குப் போய்விட்டார்கள். வேலை தெரிந்தவர்களுக்கோ மேலே போகக் கதவு இல்லை. தபால் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்துகொண்டே, இரவுப் படிப்பில் கணிதப் பட்டம் வாங்கிய ஸ்டெஃபனி ஷெர்லி, 1959-ல் அங்கிருந்து வெளியேறினார். 1962-ல் அவர் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கி, வீட்டிலிருந்தே கட்டளை எழுதும் பெண்களை வேலைக்கு அமர்த்தினார். சர்க்கார் தள்ளிய திறமை வெளியே பேர் வாங்கியது. ஆனால் ஒருவர் சுவரேறிக் குதித்துவிட்டால் உள்ளே இருக்கும் ஆயிரம் பேருக்கு விடிவு ஏது?

1968-ல் ஃபுல்டன் கமிட்டி தன் அறிக்கையில், தொழில் தெரிந்த நிபுணர்களுக்கு உரிய பொறுப்பைக் கொடுக்காமல், எல்லாம் அறிந்தவர் போன்ற பொது அதிகாரிகளை மேலே வைக்கும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அது சரியான கண்டனம். ஆனால் யந்திரக் கூடத்தில் இருந்தவர்களுக்குக் கமிட்டி அறிக்கை மட்டும் ஏணி கட்டிக் கொடுத்துவிடவில்லை.

கம்ப்யூட்டர் ஊழியரின் பலம் என்ன என்பது 1981-ல் தெரிந்தது. சம்பளத் தகராறில் பிரிட்டிஷ் சர்க்கார் ஊழியர்கள் 21 வாரம் போராடினார்கள். வருமான வரிக் கணக்கு ஓடும் ஷிப்லி, கம்பர்னால்ட் ஆகிய ஊர்களில் கம்ப்யூட்டர் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிறு எண்ணிக்கையினர்தான், ஆனால் சர்க்காரின் வரி வசூலே தடுமாறியது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. 1984 ஜனவரியில் தாட்சர் சர்க்கார், ஒற்றுக்கேட்கும் இலாகாவான ஜி.சி.எச்.க்யூ.வில் யூனியனையே தடை செய்தது. யூனியனை விட்டுக்கொடுக்க மறுத்த 14 பேர் வேலையை இழந்தார்கள். 1997-ல் ஆட்சி மாறிய பிறகே அந்த உரிமை திரும்பியது. "மூளையில்லாத வேலை" என்றவர்கள், அந்த வேலை நின்றபோது ஏன் இத்தனை பயந்தார்கள்?

இன்று பிரிட்டிஷ் சர்க்காரில் கம்ப்யூட்டர் ஊழியர்களுக்கென்று விரிவான திட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பதவிக்கு எந்தத் திறமை எந்த அளவு வேண்டும் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். நல்லதுதான். மறைவில் பொறுக்குவதைவிட எழுதி வைப்பது மேல். ஆனால் உயர்வுத் திட்டம் என்று எதை நீட்டினாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: ஏணியின் முதல் படி தரையில் இருக்கிறதா, இல்லை நம் தலைக்கு மேலே இருக்கிறதா? இன்று யந்திரத்தின் முன் நிற்பவர் அதில் கால் வைக்க முடியுமா?

இரண்டு: பயிற்சி யாருக்கு? வேலை நேரத்தில் சம்பளத்தோடு பயிற்சியா, இல்லை ஷிப்டு முடிந்து, குழந்தையைத் தூங்கவைத்த பிறகு சொந்தச் செலவிலா?

மூன்று: திறமை எது என்று தீர்மானிக்கும் மேஜையில் ஊழியரின் பிரதிநிதி உட்கார்ந்திருக்கிறாரா? உட்கார்ந்திருந்தால், கடைசிக் கிரேடில் இருப்பவரை விட்டுவிட்டு உடன்பாடு செய்துகொண்டு எழுந்து வருகிறாரா? இந்தக் கேள்வி சர்க்காருக்கு மட்டுமல்ல, நம் யூனியன்களுக்கும்தான்.

தோழர்களே! தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், நம் பிள்ளைகளையும் கற்கச் செய்யுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் தொழிலைக் கற்பதோடு, கிரேடுப் பட்டியலைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறதோ, அவரிடமிருந்து கோரிக்கையைத் தொடங்குங்கள். அவரை விட்டுவிட்டு நாம் மட்டும் ஏறிய படி, நாளைக்கு நம் காலடியிலிருந்தும் உருவப்படும்.