தையில் காய்கறி, ஆவணியில் மரம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

தை மாதம் முடியப் போகிறது. பனி குறைந்து வருகிறது. மாமரங்கள் பூத்து நிற்கின்றன. இன்னும் இரண்டு வாரத்தில் ரமலான் பிறை எதிர்பார்க்கப்படுகிறது. இந்த நேரத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேசாமல் கொல்லைப்புறத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். மருத்துவ உதவி மனுக்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சே வந்தது.

பிரசவத்திற்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டும், படிக்கும் பெண்பிள்ளைக்கு மயக்கம், தலைசுற்றல் என்று மனுக்கள் வருகின்றன. இது நமதூரில் மட்டும் உள்ள குறை அல்ல. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டில் ஒருவருக்கு மேல். நம் வீடுகளில் கறியும் மீனும் ஆக்குகிறோம். ஆனால் கீரை வாரத்தில் எத்தனை நாள் தட்டுக்கு வருகிறது? பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்களின் தட்டில் என்ன மிஞ்சுகிறது? இந்தக் கேள்விகளை அவரவர் வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முன்பு நமதூர் வீடுகளில் கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கை, கொல்லையில் தென்னையும் எலுமிச்சையும் இருந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்திய பல கொல்லைகளில் மறுபடி மரம் வைக்கவில்லை. சிமெண்ட் தரை போட்டுவிட்டார்கள். சபுராளிகளின் வீடுகளில், ‘கூட்டிப் பெருக்க ஆளில்லை, தரை போட்டால் சுத்தமாக இருக்கும்’ என்று சொல்கிறார்கள். அந்தச் சிரமம் நமக்குப் புரிகிறது. ஆனால் பத்துக்குப் பத்து அடி மண்ணை விட்டுவைத்தாலே ஒரு குடும்பத்தின் கீரைக்கு அது போதும். தரை போட்டுவிட்டவர்களுக்கு மாடியில் பைகள் இருக்கின்றன.

முதலில், இப்போது எதை விதைக்கலாம், எதை விதைக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் போலவே தைப்பட்டமும் உண்டு. வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கை, சுரை, பாகல், பூசணி, வெள்ளரி ஆகியவற்றை இப்போது விதைக்கலாம். கீரைக்குத் தண்ணீர் இருந்தால் எப்போதும் பட்டம்தான். சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். இந்த வாரம் விதைத்தால் நோன்பின் முதல் பத்து முடியும்போது கீரை கைக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும்; இன்ஷா அல்லாஹ், பெருநாள் சமயத்தில் சொந்த வெண்டைக்காய் பறிக்கலாம்.

கீரை விதை மிகச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு காய்ந்த மணல் கலந்து தூவி, மேலே லேசாக மண்ணைக் கிளறிவிட வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும். பூவாளியால் தெளிக்க வேண்டும். வெண்டையையும் கொத்தவரையையும் நேரடியாக ஊன்றலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்றுவிட்டுத்தான் நட வேண்டும். தக்காளி நாற்றுக்கு ஏறக்குறைய 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் ஆகும். இந்தப் பருவத்தில் இவற்றை நட விரும்புவோர் நாற்றாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

கொடிக் காய்களில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். பூக்கிறது, உதிர்கிறது, காய்க்கவில்லை என்பார்கள். பயப்பட வேண்டாம். சுரை, பூசணி, புடலையில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். பின்னால் குட்டிக் காய் போல ஒன்றைத் தாங்கிக்கொண்டு வருவதுதான் பெண் பூ. மாடியில் தேனீ வராவிட்டால், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். பூசணிக்குக் காலையில், சுரைக்கு மாலையில்.

நமதூர் மண் மணற்பாங்கு. ஊற்றிய தண்ணீர் நிற்காது. மக்கிய எரு சேர்த்தால்தான் ஈரம் தங்கும். ஆடு வளர்க்கும் வீடுகள் நமதூரில் நிறைய. ஆட்டுப் புழுக்கை அருமையான உரம். ஆனால் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். குழியில் குவித்து, ஈரமாக வைத்து, நன்றாக மக்கிய பிறகு போட வேண்டும். சமையலறைக் கழிவையும் காய்ந்த இலையையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் எருவாகிவிடும். பைகளில் வளர்ப்போர் இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு எரு, ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு கலந்துகொள்ளலாம். தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்கிவிட்டே கலக்க வேண்டும். மாடியில் பைகளைத் தளத்தின் நடுவே குவிக்காமல் சுவரோரமாக, செங்கல் மேல் வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள்.

அடுத்து தண்ணீர். நமதூர்க் கிணறுகளில் பாதி உவர்ப்பேறிவிட்டன. தென்னையும் சப்போட்டாவும் ஓரளவு உப்பைத் தாங்கும், எலுமிச்சை தாங்காது. உப்புத் தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் மட்டும் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள், செடிக்கு வேண்டாம்.

அப்படியானால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ஒளுச் செய்யும் தண்ணீர் இருக்கிறது. அதில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு மூன்று வேளை வீட்டில் ஒளுச் செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு ஒளுவுக்கு இரண்டு லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு 24 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு குடம். ஒரு கீரைப் பாத்திக்கு அது தாராளம். ஒளுச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாயைக் கொல்லைக்குத் திருப்பிவிட்டால் போதும். இதற்காகக் குழாயைக் கூடுதலாகத் திறந்துவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ்களில் காண்கிறோம். அரிசி கழுவிய தண்ணீரும் செடிக்கு நல்லது. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்குத் திருப்பிவிடலாம்.

இப்போது மரத்திற்கு வருகிறோம். இன்றைக்குப் பழமரக் கன்றுகள் கொடுப்பீர்களா என்று பலர் கேட்டார்கள். கொடுக்கப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. மாசி, பங்குனியில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களை எங்கும் பார்க்கிறோம். சித்திரை வெயிலில் அந்தக் கன்றுகளைப் போய்ப் பார்ப்பவர் குறைவு. வேர் மண்ணைப் பிடிக்கும் முன்பே கோடை வந்துவிடுகிறது. கிணற்றில் நீர் இறங்கும் நேரமும் அதுதான். வீட்டார் விடுமுறைக்கு வெளியூர் போகும் நேரமும் அதுதான்.

ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிர் செய்தாலோ, அதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பது அவருக்கு தர்மமாக எழுதப்படுகிறது என்ற கருத்திலமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நமக்கெல்லாம் தெரிந்த ஹதீஸ்தான். அதில் உண்பது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உண்ண வேண்டுமானால் காய்க்க வேண்டும். காய்க்க வேண்டுமானால் கன்று பிழைக்க வேண்டும். நடுவது ஒரு நாள் வேலை, பிழைக்க வைப்பது இரண்டு கோடைகளின் வேலை.

ஆகவே மரத்திற்கான வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். இப்போது எருவைச் சேர்த்து, இடத்தைப் பார்த்து வையுங்கள்: வெயில் எங்கே விழுகிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், மேலே மின்கம்பி போகிறதா, செப்டிக் டேங்க் எங்கே. வைகாசியில் குழி எடுங்கள். கொய்யா, பப்பாளி, முருங்கைக்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் போதும். மாதுளைக்கு இரண்டு அடி. மா, சப்போட்டாவுக்கு மூன்று அடி. சில வாரம் வெயிலில் காயவிட்டு, மேல்மண்ணும் எருவும் கலந்து மூடுங்கள். திறந்த குழியின் மேல் பலகையோ முள்ளோ போட்டு வையுங்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். ஆவணி, புரட்டாசியில் கன்று நட்டால் வடகிழக்குப் பருவமழை அதற்குத் துணை நிற்கும்.

ஒட்டுக்கன்று நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். விட்டால் வேர்ச்செடி வளர்ந்து ஒட்டு அழிந்துவிடும். காற்றுக்கு ஆடாமல் குச்சி கட்டுங்கள். கோடையில் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால், கசிகிற ஈரத்தை வேர் எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் தேங்காய் மட்டையோ சருகோ பரப்புங்கள். சிறிய கொல்லையில் மாமரத்திற்கு ஆசைப்பட வேண்டாம். கொய்யா, எலுமிச்சை, மாதுளை, பப்பாளி, கறிவேப்பிலை போதும். பப்பாளியில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியாக இருக்கும் ரகங்கள் உண்டு; ஒரு கன்றோடு நிறுத்தாமல் மூன்று நான்கு வைத்து, பூத்த பிறகு ஆண் மரங்களில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடலாம். அயலாரின் சுவரில் கிளை சாயாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. சாய்ந்துவிட்டால் குப்பையை நாமே கூட்டிக் கொடுப்போம். காயிலும் அவர்களுக்குப் பங்கு கொடுப்போம்.

ஆவணி வரை காத்திருக்க வேண்டாத மரம் ஒன்று உண்டு, முருங்கை. கோடையிலும் ஆள் இருந்து தண்ணீர் ஊற்றும் வீடு என்றால் இப்போதே விதை ஊன்றலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 விதையில் ஆறு மாதத்தில் காய் பார்க்கலாம். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை விட்டுக் கைக்கு எட்டும் உயரத்தில் கீரை கிடைக்கும். முருங்கை சட்டென்று ஒடியும் மரம். கிளையில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். கீரையோடு எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்புச்சத்து உடலில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். நோன்பு நாட்களில் சஹரிலும் இஃப்தாரிலும் இதை நினைவில் வையுங்கள். டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையைக் கீரை சாப்பிடுகிறோம் என்று நிறுத்திவிடக் கூடாது.

பூச்சி வந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். மாவுப்பூச்சியைத் தண்ணீரைப் பீய்ச்சியே விரட்டலாம். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய், மருந்துக்குக் கேட்காது. அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டால் மற்றவை பிழைக்கும்.

நோன்பில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று சகோதரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கஞ்சிக்கும் இஃப்தாருக்கும் அடுப்படியில் நிற்பவர்கள் மேல் இதையும் சுமத்தக் கூடாது. காலையில் சுபுஹுக்குப் பிறகு ஆண்கள் ஊற்றட்டும்; அஸருக்குப் பிறகு பிள்ளைகள் ஊற்றட்டும். கால் மணி நேர வேலை.

கூட்டம் முடிந்ததும் விதைப் பொட்டலங்கள் தருவோம். சிறுகீரை, அரைக்கீரை, வெண்டை, கொத்தவரை, பாகல் ஆகிய ஐந்து வகை. வீட்டுக்கு ஒன்று. மாத உதவி பெறும் குடும்பங்களில் கொல்லை உள்ளவர்கள் பெயர் கொடுத்தால் நம் இளைஞர்கள் வந்து பாத்தி கட்டித் தருவார்கள். அதிகம் விளைந்தால் விற்றுக்கொள்ளலாம். அதில் கூச்சம் வேண்டாம். பழமரக் கன்று வேண்டுவோரும் இன்றே பெயர் பதியலாம். வைகாசியில் குழி எடுத்து வைத்திருக்கும் வீடுகளுக்கு ஆவணியில் கன்று வீடு தேடி வரும். குழி இல்லாத வீட்டுக்குக் கன்று இல்லை. இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. வருகிற ரமலானை நிறைவாக அடையும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.