பழைய போன் யார் கைக்குப் போகிறது?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மின்னணுக் கழிவும் சுற்றுச்சூழலும்' என்று தலைப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். நான்கு வருடமாக இதில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். ஆனால் இந்தத் தலைப்பில் நடக்கும் கூட்டங்களில் ஈயம் வரும், பாதரசம் வரும், நிலத்தடி நீர் வரும். அந்த ஈயத்தைக் கையால் தொடுகிற மனிதர் மட்டும் வரமாட்டார். எனவே அவரிடமிருந்து தொடங்குகிறேன். அதற்கு முன்னால் என் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம்.

தாத்தா வடாற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். அங்கே சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழர்களில் பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள்தான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வெட்டினார்கள். பாறையைப் பொடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண் இன்றும் அங்கே மலை மலையாகக் கிடக்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து படியும். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். தாத்தாவுக்கு மிஞ்சியது இருமல். சிலிக்கோசிஸ் என்ற பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, 'சுரங்க இருமல்' என்போம்.

மூடும் காலத்தில் அந்தச் சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்கு நான்கு கிராம் தங்கம்கூடத் தேறவில்லை. ஒரு டன் பழைய கைபேசிகளில் நூறு கிராமுக்கு மேல் இருக்கிறது. இதற்கு 'நகர்ப்புறச் சுரங்கம்' என்று தொழில்துறையினர் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான்: இந்தச் சுரங்கத்தில் இறங்குவது யார்?

ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாக ஆவணத்தில் ஏறியது 22.3 சதவீதம். மீதியில் ஒரு பகுதி நம் இழுப்பறைகளில் தூங்குகிறது, ஒரு பகுதி குப்பை மேட்டுக்குப் போகிறது. இந்தியா போன்ற நாடுகளில் பெரும்பகுதி போவது காயலான் கடைக்கு.

வடசென்னையில் நான் போய் உட்காரும் கொட்டகை ஒன்று இருக்கிறது. இடம் சொல்லமாட்டேன், காரணம் பின்னால் வரும். பத்துக்குப் பதினைந்தடி, தகரக் கூரை. மூட்டையைக் கொட்டியதும் முதலில் பேட்டரியைக் கழற்றுவார்கள். திரை தனி, பிளாஸ்டிக் தனி, செம்பு ஒயர் தனி, போர்டு தனி. போர்டை அடுப்பில் சூடாக்கி, ஈயப் பற்று இளகும் அந்த ஒரு நொடியில் இடுக்கியால் ஐசியைத் தூக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் கால் உடையும், பிந்தினால் கருகிவிடும். நல்ல ஐசி ரிச்சி தெருப் பக்கம் விலைபோகும், இன்னொருவருடைய போனுக்கு உயிர் கொடுக்கும். மின்னணுப் பொறியியல் படித்த என் நண்பனை ஒருநாள் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரத்தில் ஏழு ஐசியைக் கெடுத்துவிட்டு, விரலையும் சுட்டுக்கொண்டு வந்தான். ஆனால் அரசுக் காகிதங்களில் இந்த வேலைக்குப் பெயர் 'திறன் சாரா உழைப்பு'.

ஐசி எடுத்த வெற்றுப் போர்டு லாரி ஏறி வடக்கே போகிறது. டில்லியின் சீலம்பூர், அங்கிருந்து உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத். மொராதாபாத் பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர்போன ஊர். உலோகம் உருக்கவும் அமிலம் கையாளவும் தலைமுறையாகத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் போர்டுகள் அந்த ஊரைத் தேடிப் போயின. அங்கே போர்டை எரித்து, சாம்பலை அரைத்து, ராம்கங்கா ஆற்றோரம் உட்கார்ந்து அலசி உலோகத் துகளைப் பிரிக்கிறார்கள். அலசுபவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. தங்கத்துக்கு நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம். பெயரில் ராஜா இருக்கிறார். அதைக் கலக்குபவர் கையில் உறை இருப்பதில்லை. சில இடங்களில் சயனைடும் உண்டு, தாத்தாவின் ஊரில் இருந்த அதே சயனைடு.

இதில் சாதி எங்கே என்று கேட்பீர்கள். நான் பார்த்தவரையில் கடை முதலாளி பல சாதிகளில் இருக்கிறார், பல மதங்களில் இருக்கிறார். கழிவு லாபமாக மாறும் படிகளில் யாரும் வந்து நிற்பார்கள். குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி வருபவரும், புகைக்குப் பக்கத்தில் உட்காருபவரும் யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இங்கே தலித்துகள், வடக்கே பெரும்பாலும் ஏழை முஸ்லிம்களும் தலித்துகளும். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே ஏணிப்படிபோல ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியிருக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் வாதிட்டார். கழிவு புதியது, ஏணி அதேதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2011-இல் விதிகள் வந்தன, 2016-இல் மாற்றினார்கள், 2022-இல் மறுபடி மாற்றி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உற்பத்தி செய்த நிறுவனமே கழிவுக்கும் பொறுப்பு என்பது இவற்றின் அடிப்படை. நல்ல கொள்கைதான். நடைமுறையில், பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை இவ்வளவு கிலோ செய்தேன் என்று சான்றிதழ் உருவாக்கும். நிறுவனம் அதைக் காசு கொடுத்து வாங்கிக் கணக்கை முடித்துக்கொள்ளும். வீட்டுச் சாதனங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று 2024-இல் அரசு விலை வைத்ததும், அது அதிகம் என்று பெரிய நிறுவனங்கள் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இந்த 22 ரூபாய்ச் சண்டையில் பொறுக்கியவரும் பிரித்தவரும் எந்தப் பக்கத்திலும் இல்லை. பதிவு இல்லாமல் பிரிப்பது சட்டத்தின் பார்வையில் விதிமீறல்.

அந்தக் கொட்டகையைச் சும்மா புகழ நான் வரவில்லை. ஒயரை எரிக்கும்போது வரும் புகையில் டையாக்சின் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். அங்கே உட்கார்ந்துவிட்டு வந்தால் எனக்கே இரண்டு நாள் தலைவலி. பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உள்ள உலையில் தங்கத்தோடு பல்லேடியம் உட்படப் பல உலோகங்களை மீட்கிறார்கள், அமில வாளியில் அதெல்லாம் வீணாகிறது. கடைசி வேலை ஆலைக்குப் போகத்தான் வேண்டும். பிரிக்கும் வேலையும் அதன் கூலியும் யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

இதற்கும் விதி இருக்கிறது. இந்தத் தொழிலாளர்களை மாநில அரசு அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், குழுவாகச் சேர உதவ வேண்டும், பயிற்சி தர வேண்டும், அவர்கள் உடல்நலத்தைக் கண்காணிக்க வேண்டும், தொழிற்பேட்டைகளில் இந்த வேலைக்கு இடம் ஒதுக்க வேண்டும். 2016 விதியிலும் உண்டு, 2022 விதியிலும் உண்டு. நான் போன கொட்டகைகளில் இதைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. கொட்டகைக்குச் சீல் வைக்க வரலாம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போன வருடம் ஒரு கருத்தரங்கில் என் வரைபடத்தைக் காட்டினேன், எந்தப் பகுதியில் எத்தனை கொட்டகை என்று. இடைவேளையில் ஒருவர் வந்து, "முகவரிப் பட்டியல் கிடைக்குமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். மறுத்துவிட்டேன். இடம் சொல்லாத ஆய்வு பாதி ஆய்வு என்று துறையில் சொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் முதல் நாளே அந்தக் கொட்டகை அக்கா என்னிடம் கேட்டிருந்தார்: "ஏம்மா, நீ எழுதறதுல என் பேரு வராதுன்னு சொல்ற, சரி. எங்க தெரு பேரு வருமா?"

இரண்டு மாதம் முன்பு அந்த விதியை அச்சடித்து எடுத்துக்கொண்டு அக்காவோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்லவர், உட்காரச் சொன்னார், காகிதத்தைப் பொறுமையாகப் படித்தார். பிறகு கணினியில் தொழில் பட்டியலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். தையல் இருந்தது, சலவை இருந்தது, இது இல்லை. "என்ன வேலைன்னு போடட்டும்?" என்றார்.

"போர்டுல ஐசி எடுக்கறது சார்" என்றார் அக்கா.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு 'இதர கூலி' என்று தட்டினார். வெளியே வந்ததும் அக்கா அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இருபத்திரெண்டு வருசமா இத செய்யறேன்" என்றார். பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.