மறுமலர்ச்சிக் கால ஆய்வில் மொழியின் இடம்



ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தை முதுகலை நிலையில் பயில விரும்புவோர் பலர் ஓவியத்தையும் சிற்பத்தையும் எண்ணியே அத்துறைக்கு வருகின்றனர். அதில் குறையேதும் இல்லை. ஆயினும், நல்லதொரு பல்கலைக்கழகத்தில் நுழைந்ததும் அவர்கள் எதிர்கொள்வது இலத்தீன் இலக்கணமும், எளிதில் படிக்கவியலாத பழங்கையெழுத்தின் படியுமே. இத்துறைக்கு அடித்தளம் மொழியே என்பது நம் கருத்து. மொழியியலார் வேறென்ன சொல்வார் என நீங்கள் முறுவலிக்கலாம். எனவே சான்றோடு பேசுவோம்.

நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன், மேற்குப் பகுதியின் ஆட்சியுரிமையைப் போப்பாண்டவருக்குக் கொடையாக எழுதித் தந்தான் எனக் கூறும் ஆவணம் ஒன்று நெடுங்காலம் வழங்கி வந்தது. 1440இல் லொரென்சோ வல்லா அதனைப் போலியென நிறுவினார். அவர் கையாண்ட கருவிகளுள் தலையாயது சொல்லாராய்ச்சி. 'சத்ரப்' என்பது பாரசீக ஆளுநரைக் குறிக்கும் சொல். அச்சொல் உரோம அரசவையின் ஆவணத்தில் எவ்வாறு புகுந்தது என்று வல்லா வினவினார். அதன் இலத்தீன் நடையும் கான்ஸ்டன்டைன் காலத்திற்கு ஒவ்வாதது எனக் காட்டினார். அது எட்டாம் நூற்றாண்டளவில் எழுந்தது என்பதே இன்றைய ஆய்வாளருள் பெரும்பாலோர் துணிபு. வல்லா அப்போது நேப்பிள்ஸ் அரசியலில் போப்பாண்டவரோடு முரண்பட்டிருந்த அல்போன்சோ மன்னனின் ஆதரவில் இருந்தவர். எனவே அவர் ஆய்வுக்கு அரசியல் நோக்கமும் இருந்தது. அதனால் சான்றின் வலிமை குறைந்துவிடவில்லை.

இனிப் பழங்கையெழுத்து. பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களில் 'இ' எழுத்து திரும்பிக் கிடக்கும். 'எச்' வரிக்குக் கீழே வளைந்தோடும். 'பி' எழுத்தின் காலில் இட்ட ஒரு குறுக்குக்கோடு ஓர் அசையையே உணர்த்தும். புள்ளியிடாத ஓலைச்சுவடியில் 'க' எது, 'க்' எது எனப் பொருள்நோக்கித் தெளிந்தவர்களுக்கும், ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கக் கண்டவர்களுக்கும் இந்த இடர்ப்பாடு புதியதாகத் தோன்றாது. சுவடிப் பயிற்சி பெற்ற தமிழ் மாணவர் இத்துறையில் வெறுங்கையோடு நுழைபவர் அல்லர்.

இத்துறையை இன்று பலர் 'தொடக்க நவீன கால'த் துறை என்கின்றனர். 'மறுமலர்ச்சி' என்னும் பெயர் இத்தாலியக் கற்றோரையும் கலைஞரையுமே முன்னிறுத்துகிறது. புதிய பெயரில் மாலுமிக்கும் அச்சுக்கோப்பவருக்கும் இடமுண்டு. அந்தக் கப்பல்களில் ஒன்றில்தான் போர்த்துகீசியத் துறவி என்றீக்கே என்றீக்கசு இந்தியாவுக்கு வந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் பெயரை நமக்கு அறிமுகப்படுத்தியது. அதற்கும் முன்னர், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், முத்துக்குளித்துறை மக்களின் பேச்சுத்தமிழுக்கு அவர் போர்த்துகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். நன்னூல் வழியில் நின்றோர் எழுத்தில் இடந்தராத பேச்சு வடிவங்களை அதில் காண்கிறோம். அதன் கைப்படி லிசுபனில் உள்ளது. ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல்தான் வெளிவந்தது. அதுவரை அந்நூல் தமிழ் ஆய்வாளர் பலருக்கு எட்டாமலே இருந்தது.

ஏன் இவ்வளவு காலத்தாழ்வு? அந்நூலைக் கற்க இலத்தீன் இலக்கண மரபும், பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியமும், தமிழ்ப் பேச்சுவழக்கும் ஒருங்கே வேண்டும். முதலிரண்டும் அறிந்தோர் ஐரோப்பாவில் உள்ளனர். அவர்களுள் தமிழறிந்தோர் மிகச் சிலர். தமிழறிந்த நம் மாணவரோ முதலிரண்டையும் கற்கத் தொடங்குவதே இல்லை. மூலத்தைத் தொடாமல் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதப்படும் ஆய்வேடுகளை நாம் மிகுதியாகப் பார்த்துவிட்டோம்.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன் ஓராண்டேனும் இலத்தீனோ போர்த்துகீசியமோ பயிலுங்கள். சேரவிருக்கும் துறைக்கு எழுதி, பழங்கையெழுத்துப் பாடம் உண்டா, அதை யார் நடத்துகிறார், உங்கள் தலைப்பிற்குரிய மூல ஆவணம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது எனக் கேளுங்கள். மூன்றாம் வினாவுக்கு விடை கிடைக்காவிடில், கட்டணம் செலுத்தும் முன்பே தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.